மூணு தவணைதானே!

இம்மாதப் பாடம்: அன்றாடப் பொருள்களைத் தவணையில் வாங்குவது



போன வாரம் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு வெளியே, வேலை முடிந்து வந்த நம் இளையர் ஒருவரைப் பார்த்தேன். புதுக் காலணி போட்டிருந்தார். "நல்லா இருக்கே, எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன். "எழுபது வெள்ளிண்ணே" என்றார். ஒரு நொடி கழித்து, "மாசம் எழுபது. மூணு மாசம்" என்று சிரித்தார்.

விலை 210 வெள்ளி. ஆனால் அவர் வாயில் முதலில் வந்தது 70. அவர் பொய் சொல்லவில்லை. கடை அப்படித்தான் விலையைக் காட்டியது, அவர் மனதிலும் அப்படியே பதிந்துவிட்டது.

இதே தஞ்சோங் பகாரில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் அறிவுரையில் ஆரம்பிக்காமல் என் கணக்கிலிருந்தே பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

1. என் சம்பளச் சீட்டு

அப்போது என் சம்பளம் 3,200 வெள்ளி. மத்திய சேமநிதிக்கு என் பங்கு 20 விழுக்காடு, அதாவது 640 போக, கைக்கு வந்தது 2,560. வீட்டுக்கு 600, படிப்புக் கடனுக்கு 350, சாப்பாடு போக்குவரத்துக்கு 700, காப்புறுதி, கைப்பேசிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 180. மொத்தம் 1,830. மாதம் 730 வெள்ளி மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் எனக்கே புரியவில்லை.

ஒரு நாள் எழுதிப் பார்த்தேன்:

- கைப்பேசி, 12 மாதம்: 150
- மடிக்கணினி, 24 மாதம்: 90
- விமான டிக்கெட், 6 மாதம்: 100
- தீபாவளித் துணிமணி, 3 மாதம்: 120
- ஹெட்போன், 3 மாதம்: 100
- காலணி, 3 மாதம்: 70

கூட்டினால் 630 வெள்ளி. சம்பளம் வருவதற்கு முன்பே அதில் கால்வாசி போய்விட்டது. ஒவ்வொன்றும் வாங்கும்போது சின்னத் தொகைதான். எல்லாமே வட்டியில்லாத் தவணைதான். ஒரு காசுகூட வட்டி கட்டவில்லை என்று பெருமையாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சி பக்கம் ஊரில் அப்பாயி இறந்துபோனார். அன்றைக்கே கிளம்ப வேண்டும். அப்பா, அம்மா, நான், மூன்று டிக்கெட். ஊரில் செலவு வேறு. கையில் காசு இல்லை, அட்டையைத் தேய்த்தேன். அடுத்த மாதம் பில் வந்தது: 3,000 வெள்ளி. அதன் கீழே இன்னொரு எண் இருந்தது: குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 90 வெள்ளி. அந்த 90ஐப் பார்த்ததும் "அப்பாடா" என்று இருந்தது. 90ஐக் கட்டினேன்.

அந்த அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அதில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மாதாமாதம் கேட்ட குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். எட்டு மாதத்தில் 700 வெள்ளி கட்டியிருந்தேன். கடன் குறைந்தது 190 வெள்ளி.

கடைசியில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். திட்டவில்லை. "கடன் வாங்கினதுக்கு இல்லப்பா. எட்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லாம இருந்தியே, அதுதான் வருத்தமா இருக்கு" என்றார். அது இன்றும் என் காதில் நிற்கிறது.

இந்தப் பாடத்தின் சாரம் இந்தக் கதையிலேயே இருக்கிறது. வட்டியில்லாத் தவணை எனக்கு வட்டி போடவில்லை. ஆனால் அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டிய பணத்தை அது மாதாமாதம் எடுத்துக்கொண்டது. அதனால் உண்மையான அவசரம் வந்த அன்று, வட்டி போடும் கடனில் போய் விழுந்தேன். தவணைக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான், எந்த விளம்பரத்திலும் இது எழுதியிருக்காது.

2. 555 நோட்டும் இன்றைய செயலியும்

கடன் நமக்குப் புதிதல்ல. 1864இல் தஞ்சோங் பகார் துறைமுக நிறுவனம் தொடங்கியது. அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள். இங்கிருந்து நடக்கிற தூரத்தில், கியோங் செய்க் ரோட்டில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலைக் கட்டியவர்கள் நகரத்தார். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து கடன் கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஆக, கடன் வாங்கியவர்களும் நம் ஆட்கள், கொடுத்தவர்களும் நம் ஆட்கள்.

சில்லறைக் கடைகளில் '555' என்று அட்டையில் அச்சடித்த சின்ன நோட்டு இருக்கும். தாத்தா பாட்டியிடம் கேளுங்கள், சொல்வார்கள். அரிசி, பால்டின், பிஸ்கட் எல்லாம் அதில் எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் அடைப்பார்கள். அதுவும் இப்போது வாங்கிப் பிறகு கொடுப்பதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மாமா கடைக்காரருக்கு உங்கள் குடும்பம் தெரியும். பக்கம் நிறைந்துவிட்டால், "பழசை முடிச்சிட்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிடுவார். பணம் வராவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் அவரே உங்களுக்கு ஒரு தடுப்பாக இருந்தார்.

இன்று தவணையில் விற்கும் கடைக்கு அந்தக் கவலை கிடையாது. வங்கியோ தவணைச் செயலியோ கடைக்குரிய பணத்தைக் கொடுத்துவிடும். நீங்கள் கட்டுவீர்களா என்பது கடையின் பிரச்சினை அல்ல. தவணைச் செயலிகள் கடையிடம் கட்டணமும் வாங்குகின்றன. கடை ஏன் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கிறது? 210 வெள்ளி என்றால் யோசிக்கிறவர், 70 வெள்ளி என்றால் வாங்கிவிடுவார் என்பதால்தான். "பழசை முடிச்சிட்டு வா" என்று சொல்ல இப்போது எதிரில் ஆள் இல்லை.

3. தவணையில் மூன்று வகை

எல்லாத் தவணையும் ஒன்றல்ல. பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, கடையில் கடன்பற்று அட்டை மூலம் கிடைக்கும் வட்டியில்லாத் தவணை. 6, 12, 24 மாதங்கள் என்று இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது: பொருளின் முழு விலையும் உங்கள் அட்டை வரம்பிலிருந்து முதல் நாளே கழிக்கப்படும். இடையில் முடித்துக்கொள்ள நினைத்தால் கட்டணம் இருக்கலாம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமலும் போகலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வகை, ஏற்கெனவே வாங்கியதைப் பிறகு தவணையாக மாற்றுவது. "உங்கள் 1,200 வெள்ளியை 12 மாதமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருமுறைக் கட்டணம் 5 விழுக்காடு மட்டுமே" என்று குறுஞ்செய்தி வரும். 5 விழுக்காடு என்றால் 60 வெள்ளி. குறைவாகத்தானே தெரிகிறது? ஆனால் 1,200 வெள்ளியும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் மாதம் 1,200 கடன், கடைசி மாதம் 100தான் கடன். சராசரியாகப் பார்த்தால் சுமார் 650 வெள்ளிதான் கடன். அதற்கு 60 வெள்ளி கட்டணம். கட்டணத்தை முதலிலேயே கழித்துக்கொண்டால் உண்மையான ஆண்டு வட்டி 10 விழுக்காட்டை ஒட்டி வரும். இனிமேல் விளம்பரத்தின் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். சின்ன எழுத்தில் இருக்கும் 'நிகர வட்டி விகிதம்' எவ்வளவு என்று தேடுங்கள்.

மூன்றாவது வகை, 'இப்போது வாங்கி, பிறகு செலுத்து' செயலிகள். பெரும்பாலும் மூன்று, நான்கு தவணை. முதல் தவணை அன்றே போகும், மற்றவை அடுத்தடுத்த மாதம். கிராப், ஷோப்பி போன்று தினமும் திறக்கும் செயலிகளுக்குள்ளேயே இந்த வசதி வந்துவிட்டது. வட்டி இல்லை என்றாலும், தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. கணக்கும் முடக்கப்படும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: பல செயலிகளில் தவணையைக் கடன்பற்று அட்டையிலிருந்தே பிடிக்கச் சொல்லலாம். அப்படியென்றால் ஒரு கடனை இன்னொரு கடனால் அடைக்கிறோம். அந்த மாதம் அட்டை பில்லை முழுதாகக் கட்டாவிட்டால், 'வட்டியே இல்லை' என்று வாங்கிய காலணிக்கும் அட்டை வட்டி ஓடும். செயலியை வைத்திருப்பதாக இருந்தால் வங்கிக் கணக்கு அட்டையோடு மட்டும் இணையுங்கள். இருக்கிற காசுதான் போகும்.

4. பெருமாள் வாங்கிய கடன்

திருப்பதிப் பெருமாள் கதை உங்களுக்குத் தெரியும். பத்மாவதித் தாயாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினார். அசல் கலியுக முடிவில். அதுவரை வட்டி மட்டும். பக்தர்கள் உண்டியலில் போடும் காணிக்கையெல்லாம் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தெலுங்கு பக்தர்கள் 'வட்டி காசுலவாடு' என்றே அவரை அழைப்பார்கள். சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர் அதே ஏற்பாட்டுக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார். பெருமாளுக்கு உண்டியல் இருக்கிறது, யுகம் முழுக்க நேரமும் இருக்கிறது. நமக்கு?

கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் அட்டை வட்டி பொதுவாக ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு. 27 என்றே வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தொகை பொதுவாகப் பாக்கியில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. கடன் 3,000 வெள்ளி, புதிதாக எதுவும் வாங்கவில்லை.

- குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால், முடிய ஏறக்குறைய 11 ஆண்டு. மொத்தம் 7,800 வெள்ளிக்கு மேல்.
- முதல் மாதம் கட்டிய அதே 90 வெள்ளியைக் குறைக்காமல் கட்டினால், ஏறக்குறைய 5 ஆண்டு. மொத்தம் 5,350 வெள்ளி அளவில்.
- மாதம் 150 வெள்ளி கட்டினால், 26 மாதம். மொத்தம் 3,900 வெள்ளி அளவில்.

முதல் வரியையும் இரண்டாவது வரியையும் சேர்த்துப் பாருங்கள். முதல் மாதம் இரண்டிலும் கட்டுவது 90 வெள்ளிதான். பிறகு எப்படி ஆறு ஆண்டு வித்தியாசம்? கடன் குறையக் குறைய வங்கி கேட்கும் தொகையும் குறைகிறது. 90, 89, 88 என்று இறங்கும்போது நமக்குச் சுமை குறைவது போல இருக்கும். அந்த நிம்மதிதான் கடனை நீட்டிக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு. பில்லை முழுதாகக் கட்டாவிட்டால், புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஆரம்பிக்கும். அன்று குடித்த கோப்பிக்கும் வட்டிதான். கெடு தேதி தவறினால் பல வங்கிகளில் தாமதக் கட்டணம் 100 வெள்ளி அளவில் வரும்.

5. சட்டம் போட்ட வேலி

தஞ்சோங் பகார் என்ற மலாய்ப் பெயருக்கே வேலியிட்ட முனை என்று பொருள். நம் ஊர் வங்கிகளுக்கு வேலி போடும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் இங்கேதான், ஷென்டன் வேயில் இருக்கிறது. அந்த வேலி என்னவென்று பார்ப்போம்.

55 வயது அல்லது அதற்குக் கீழ் உள்ளவர் வழக்கமான கடன்பற்று அட்டை வாங்க ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி வேண்டும். மாணவர் அட்டைகளின் வரம்பு 500 வெள்ளி. வட்டி ஓடும் பிணையில்லாக் கடன், எல்லா வங்கியும் சேர்த்து, தொடர்ந்து மூன்று மாதம் 12 மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தால், மேற்கொண்டு கடன் கிடைக்காது. 2015இல் 24 மாதம் என்று ஆரம்பித்த இந்த வரம்பு 2019இல் 12 மாதமாக இறங்கியது.

தவணைச் செயலிகளுக்கு 2022 அக்டோபரில் ஒரு நடத்தை நெறி வந்தது. கூடுதலாகச் சரிபார்க்காமல் ஒருவருக்கு 2,000 வெள்ளிக்கு மேல் பாக்கி விடக்கூடாது. தவணை தவறினால் கணக்கை நிறுத்த வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும்.

நல்ல வேலிதான். ஆனால் அது எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 3,200 வெள்ளி சம்பளக்காரருக்கு 12 மாதச் சம்பளம் என்றால் 38,400 வெள்ளி. அவ்வளவு கடன் ஆன பிறகுதான் அந்த வேலி குறுக்கே வரும். செயலிக்கு 2,000 என்றால், மூன்று செயலியில் 6,000. என் 630 வெள்ளித் தவணை எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டத்தின் வேலி நாம் பள்ளத்தில் விழாமல் தடுக்கும். அவசரத்துக்கு 730 வெள்ளி கையில் இருக்கிறதா என்று அது பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

6. நம் வேலி

வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் இதைத்தான் சொல்கிறார். வருகிற வழி சிறியதாக இருந்தாலும் கேடில்லை, போகிற வழி அகலமாகாமல் இருந்தால் போதும் என்பது 478ஆம் குறளின் கருத்து. அதை இன்றைக்கு எப்படிச் செய்வது? நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன்.

ஒன்று, முழு விலையைச் சொல்லிப் பழகுங்கள். "எழுபது" இல்லை, "இருநூற்றுப் பத்து". வாய்விட்டுச் சொன்னாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

இரண்டு, ஒரு 555 நோட்டு வாங்குங்கள், அல்லது கைப்பேசியில் ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அட்டை, எல்லாச் செயலியின் தவணையும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு செயலியும் தன் கணக்கைத்தான் காட்டும். கூட்டுத்தொகையை உங்கள் நோட்டு மட்டும்தான் காட்டும்.

மூன்று, கூட்டுத்தொகைக்கு வரம்பு வையுங்கள். கைக்கு வரும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது என் கணக்கு. 2,560க்கு 256. நிறைந்துவிட்டால், பழசை முடித்த பிறகுதான் புதிது. அந்த மாமா கடைக்காரர் வேலையை இனி நாமே செய்ய வேண்டும்.

நான்கு, தவணை முடிந்த பிறகும் உழைக்கும் பொருளுக்கு மட்டும் தவணை. படிப்புக்கு மடிக்கணினி சரி. சாப்பாடு, சினிமா, துணிமணி, சுற்றுலா இவையெல்லாம் கையில் இருக்கும் காசுக்கு. போன தீபாவளிச் சட்டைக்குப் பொங்கல் வரை பணம் கட்டக்கூடாது.

ஐந்து, அட்டை பில்லை முழுதாகக் கட்ட ஜைரோ போட்டு வையுங்கள். அதை 'குறைந்தபட்சத் தொகை' என்று அமைத்துவிடாமல் கவனமாகப் பாருங்கள்.

ஆறு, தவணை கட்டுவது போலவே சேமியுங்கள். அதே 70 வெள்ளியை மூன்று மாதம் தனிக் கணக்கில் போட்டால், நான்காவது மாதம் காலணியும் கிடைக்கும், வாங்காமல் இருக்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும்.

7. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

இதைப் படிக்கும்போது சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம். நான் செய்த தவற்றை மட்டும் செய்யாதீர்கள். மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம், அல்லது நம் அமைப்பின் மூத்தவர் ஒருவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

கெடு தேதிக்கு முன்பே வங்கியை அழைத்துப் பேசுங்கள். பல வங்கிக் கடன் சேர்ந்துவிட்டால், 'கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்' என்ற அறநிறுவனம் இருக்கிறது. கணக்கைப் பார்த்து ஆலோசனை சொல்வார்கள், வங்கிகளோடு பேசி ஒரே மாதத் தொகையாகக் கட்டும் திட்டத்துக்கும் உதவுவார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு இடத்தில் கடன் வாங்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், அது அட்டை வட்டியை விட அதிகம். குறுஞ்செய்தியில் கடன் தருவதாக வருகிறவர்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

நாளைக்கு வீடு வாங்க வங்கிக் கடன் கேட்கும்போது, வங்கி கிரெடிட் பியூரோவில் உங்கள் பழைய கணக்கைப் பார்க்கும். இன்று ஒழுங்காகக் கட்டுவது நாளைய வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கலந்துரையாட

1. கடைசியாகத் தவணையில் வாங்கிய பொருளின் முழு விலை என்ன? நோட்டைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா?
2. முழுத் தொகையும் அன்றே கொடுக்க வேண்டியிருந்தால் அதை வாங்கியிருப்பீர்களா?
3. இன்று இரவே ஊருக்குக் கிளம்ப வேண்டிய செய்தி வந்தால், டிக்கெட் காசு யாருடையது?
4. நண்பர்கள் எல்லாரும் வாங்கும்போது, "இந்த மாசம் வேணாம்" என்று சொல்ல என்ன தடுக்கிறது?

இம்மாதப் பயிற்சி: அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தவணைகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், கூட்டுத்தொகை உங்களுக்குத் தெரிந்தால் போதும். காலணி வாங்கிய தம்பியும் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நானும் என் நோட்டைக் கொண்டு வருகிறேன்.